சாய்கோட்டின் கீழே ஒரு சுரம்

நம் மலைப் பங்குகளில் பாடகர் குழுவினர் வைத்திருக்கும் பாடல் ஏடுகளைப் புரட்டினால், தமிழ் வரிகளின் மேலே பென்சிலால் எழுதிய ஆங்கில எழுத்துகள் கண்ணிற்படும். கித்தார் வாசிக்கும் இளைஞர்கள் அவற்றைக் 'கார்டு' என்பர். ஒரே வேளையில் ஒலிக்கும் மூன்று நான்கு சுரங்களின் தொகுதி என்பதால், சுரக்கூட்டு என்று நாம் இக்கட்டுரையில் வழங்குவோம். ஏ மைனர், டி மைனர், எஃப், ஈ என்று செல்லும் இவ்வெழுத்துகளின் நடுவே, சில இடங்களில் ஏ மைனரை அடுத்து ஒரு சாய்கோடும் அதன் கீழே ஜி என்ற எழுத்தும் காணப்படும். விண்ணப்பப் படிவங்களில் 'ஆண்/பெண்', 'ஆம்/இல்லை' என்று பார்த்துப் பழகிய கண்களுக்கு அக்கோடு 'அல்லது' என்றே பொருள்படுகிறது. எனவே புதிதாகக் கற்போர் இரண்டில் கைக்கு எளியதை மீட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகின்றனர்.

அக்கோட்டிற்கு 'அல்லது' என்ற பொருள் அங்கே இல்லை. மேலே ஏ மைனர் ஒலிக்கட்டும். அனைத்திற்கும் அடியில், ஆகத் தாழ்ந்த சுரமாக, ஜி ஒலிக்கட்டும் என்பதே அது சொல்வது. இச்சிறு குறியீட்டின் பின்னே நானூறு ஆண்டு வரலாறு உண்டு. அதன் பெரும்பகுதி ஆலயங்களுக்குள்ளேயே நிகழ்ந்தது. 'சினிமாக் கருவிக்குப் பீடத்தருகே என்ன வேலை?' என்று வருந்தும் பெரியவர்களும், கித்தார் நேற்றுத்தான் கோயிலுக்குள் வந்தது என்று பெருமிதம் கொள்ளும் இளையவர்களும் அவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

முதலில் இசையின் கணக்கைச் சிறிது பார்ப்போம். ஏ மைனர் என்பது ஏ, சி, ஈ என்னும் மூன்று சுரங்கள். ஏ-யை நம் ஷட்ஜமமாகக் கொண்டால் சி சாதாரண காந்தாரம், ஈ பஞ்சமம். வழக்கமாக ஏ-தான் அடியில் நிற்கும். அதற்குப் பதிலாகச் சி அடியில் வந்தால் அது ஒரு சாய்கோட்டுக் கூட்டு. ஈ அடியில் வந்தால் மற்றொன்று. இவ்விரண்டிலும் வெளியார் எவரும் இல்லை. வீட்டார்தாம் இடம் மாறி அமர்ந்திருக்கின்றனர். ஜி அடியில் வரும்போதோ, கூட்டில் இல்லாத கைசிகி நிஷாதம் விருந்தாளியாக வந்து வீட்டுக்கே அடித்தளம் ஆகிறது. அதனாலேயே அதன் ஒலி நிலைகொள்ளாமல், இன்னும் ஒரு படி கீழே இறங்கத் தவிப்பதுபோல் கேட்கிறது.

இனிக் கை செய்யவேண்டிய வேலை. கித்தாரில் ஆறு தந்திகள். மெல்லியது முதலாவது, தடித்தது ஆறாவது. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளுக்கு இடைப்பட்ட இடங்களைக் கட்டங்கள் என்போம். ஏ மைனருக்கு ஆட்காட்டி விரல் இரண்டாம் தந்தியின் முதற்கட்டத்தில். நடுவிரலும் மோதிர விரலும் நான்காம், மூன்றாம் தந்திகளின் இரண்டாம் கட்டத்தில். ஐந்தாம் தந்தியை விரல் வைக்காமல் மீட்டினால் ஏ அடிச்சுரமாக ஒலிக்கும். இவ்விரல்களை அசைக்காமல், சுண்டு விரலை மட்டும் நீட்டி ஆறாம் தந்தியின் மூன்றாம் கட்டத்தை அழுத்தினால் ஜி கிடைத்துவிடும். ஆயின் ஐந்தாம் தந்தி இப்போது ஒலிக்கலாகாது. அழுத்திய சுண்டு விரலின் உட்பக்கம் அதை இலேசாகத் தொட்டு அடக்கவேண்டும். அழுத்துவது ஒன்று, அடக்குவது ஒன்று. இரண்டையும் ஒரே விரல், அதுவும் உள்ளதில் வலிமை குறைந்த விரல், செய்ய வேண்டியிருக்கிறது. கற்போர் இங்கே சில வாரங்கள் தடுமாறுவது இயல்பே.

வேடிக்கை ஒன்றையும் சொல்லவேண்டும். ஏ மைனரைப் பிடித்துக்கொண்டு ஆறு தந்திகளையும் ஒருசேரத் தடவினால் ஆறாம் தந்தியின் ஈ அடியில் ஒலிக்கிறது. அதாவது, கற்கத் தொடங்கிய முதல் நாளிலேயே மாணவன் தன்னை அறியாமல் ஒரு சாய்கோட்டுக் கூட்டை வாசித்துவிடுகிறான். அடியில் எது ஒலிக்கிறது என்று கேட்கும் காது வரும்வரை அவனுக்கு அது தெரிவதில்லை. விரற்பயிற்சியைக் காட்டிலும் அக்காதுதான் பிந்தி வருகிறது.

அடிச்சுரத்தைத் தனியே எண்ணிப் பார்க்கும் இப்பழக்கம் எங்கே வலுப்பெற்றது? 1602இல் வெனிஸ் நகரில், லொதொவிக்கோ வியாதானா என்ற பிரான்சிஸ்கன் துறவி திருவழிபாட்டிற்கான இசைப் பாடல்கள் நூறு அடங்கிய நூலை வெளியிட்டார். அதன் முன்னுரையில் அவர் சொல்லும் காரணம் எந்தப் பங்குத்தந்தைக்கும் புரியும். பல குரல்களுக்கென்று இயற்றப்பட்ட பாடல்களைப் பாட ஆலயங்களில் போதிய பாடகர் இல்லை. இருக்கும் இருவர் மூவர் தத்தம் பகுதியைப் பாட, எஞ்சிய குரல்கள் இல்லாமல் பாட்டு ஓட்டை விழுந்த பானைபோல் ஆகிவிடுகிறது. எனவே அவர் ஒன்று முதல் நான்கு குரல்களுக்கு மட்டும் எழுதி, அடியில் ஆர்கனுக்கு ஒரு தொடர்ந்த அடிச்சுர வரியைக் கொடுத்தார். ஆர்கன் வாசிப்பவர் அவ்வடிச்சுரத்தைப் பார்த்துக்கொண்டே மேலுள்ள சுரங்களைத் தாமாக நிரப்பிக்கொள்வார். ஆள் பற்றாக்குறையிலிருந்து பிறந்த இந்த ஏற்பாடு அடுத்த நூற்றைம்பது ஆண்டுகள் ஐரோப்பிய இசை முழுவதையும் தாங்கி நின்றது.

அடிச்சுரத்துடன் எண்கள் குறிக்கும் வழக்கமும் இதனுடன் வளர்ந்தது. சி என்ற அடிச்சுரத்துடன் 6 என்று இருந்தால், அதிலிருந்து எண்ணி ஆறாவதாக வரும் ஏ-யையும் சேர்த்து வாசி என்பது பொருள். இன்று நம் பாடகர் சாய்கோட்டின் கீழே சி போட்டு எழுதும் ஏ மைனர் இதுவேதான். ஜி-க்கு 2, 4, 6 என்பன வேண்டும். பழைய முறை அடியிலிருந்து மேல்நோக்கி எண்ணியது. இருபதாம் நூற்றாண்டின் மெல்லிசைத் தாள்களில் பரவிய சாய்கோடு மேலிருந்து கீழ்நோக்கிச் சொல்கிறது. இவ்விரண்டிற்கும் இடையே பாலம் கட்டியவர் ழான் பிலிப் ராமோ. கிளெர்மோன் பேராலயத்தில் ஆர்கன் வாசித்த இவர் 1722இல் வெளியிட்ட இசை நூலில், எச்சுரம் அடியில் இருந்தாலும் கூட்டு அதே கூட்டுத்தான் என்று நிறுவினார்.

கித்தார் இக்கதைக்குள் நுழைவதும் ஒரு குருவின் வழியாகவே. அரகோன் நாட்டுக் கலாந்தாவில் பிறந்து, சலமான்காப் பல்கலைக்கழகத்தில் இறையியல் பயின்ற கஸ்பார் சான்ஸ் என்ற குரு, 1674இல் சரகோசாவில் கித்தார் கற்பிக்கும் நூல் ஒன்றை வெளியிட்டார். அடிச்சுரத்தைப் பார்த்து வாசிக்கும் முறையையும் அவர் அதில் விளக்கினார். ஆனால் அன்றைய கித்தாரில் ஐந்து தொகுதி நரம்புகளே இருந்தன. பலர் தடித்த நரம்பையே கட்டுவதில்லை. பாட்டுக்குத் துணையாக வாசிப்போர்க்குத் தடித்த நரம்பு ஏற்றது, நுணுக்கமாக மீட்டுவோர்க்கு மெல்லியதே ஏற்றது என்பது சான்ஸ் தரும் அறிவுரை. அடிச்சுரத்தை அறிந்தும் அதை முழங்கவைக்க முடியாத கருவியாகவே கித்தார் நெடுங்காலம் இருந்தது. ஆறு தனித் தந்திகள் அமைந்தது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில்தான். அதன்பின் நெடுங்காலம் செல்லவில்லை. 1818 கிறிஸ்து பிறப்பு இரவில் ஆஸ்திரிய நாட்டு ஓபர்ன்டார்ஃப் சிற்றூரின் உதவிப் பங்குக்குரு யோசேப்பு மோர், ஆசிரியர் கிரூபருடன் சேர்ந்து, கித்தார் துணையோடு தம் ஆலயத்தில் பாடிய பாட்டை இன்று உலகமே பாடுகிறது. ஆர்கனின் துருத்தியை எலிகள் கடித்துவிட்டதால்தான் கித்தார் எடுக்கப்பட்டது என்னும் கதை பிற்காலத்தார் கட்டியது. கித்தாரைக் கோயிலுக்குள் விட எலிகளின் மீது பழிபோட வேண்டியிருந்தது போலும்!

மைனர் கூட்டின் அடியில் சுரம் படிப்படியாக இறங்குவதற்கு ஐரோப்பிய இசையில் ஒரு நிலைத்த பொருள் உண்டு, அது புலம்பல். 1638இல் மொந்தேவெர்தி வெளியிட்ட தொகுப்பில் ஓர் இளம்பெண்ணின் புலம்பல் முழுவதும் ஏ, ஜி, எஃப், ஈ என்ற நான்கே அடிச்சுரங்களின் மேல் சுழல்கிறது. இடையில் உள்ள அரைச்சுரங்களையும் தொட்டு இறங்கினால் துயரம் இன்னும் மிகும். பாக், பி மைனர் திருப்பலி இசையில் 'சிலுவையில் அறையுண்டார்' என்ற விசுவாச அறிக்கைப் பகுதிக்கு இவ்வழியையே கைக்கொண்டார். 1714இல் தாம் எழுதிய ஒரு பாடலிலிருந்து எடுத்துத் தம் வாழ்நாளின் இறுதியில் திருத்தியமைத்த அப்பகுதியில், அரைச்சுரம் அரைச்சுரமாக இறங்கும் அடிவரி பதின்மூன்று முறை வருகிறது. பன்னிரண்டு முறை இறங்கிய அதே பாதையில் பதின்மூன்றாம் முறை, 'அடக்கம் செய்யப்பட்டார்' என்ற சொல்லுக்கு, குரல்கள் தாழ்ந்து மைனரை விட்டு மேஜருக்குத் திரும்பி அடங்குகின்றன. கல்லறையை மூடும் இடத்தில் விடியலின் சாயலை வைத்த அக்கைவண்ணத்தை எத்தனை முறை கேட்டாலும் நமக்குச் சலிப்பதில்லை. லூத்தரன் சபையினர் ஒருவர் நம் இலத்தீன் திருப்பலிக்கு அமைத்த இசை அது என்பதும் நினைக்கத்தக்கது.

நம் இளைஞரும் இதே பாதையைத் தந்திகளின் மேல் கண்ணாலேயே காணலாம். ஐந்தாம் தந்தியை வெறுமனே மீட்டினால் ஏ. பின்பு ஆறாம் தந்தியில் மூன்றாம் கட்டம் ஜி, இரண்டாம் கட்டம் எஃப் ஷார்ப், முதற்கட்டம் எஃப், விரலை எடுத்துவிட்டால் ஈ. நம் முறையில் சொன்னால் ஷட்ஜமம், கைசிகி நிஷாதம், சதுஸ்ருதி தைவதம், சுத்த தைவதம், பஞ்சமம். படிக்கட்டில் ஒருவர் இறங்குவதுபோல் கை இறங்குகிறது.

இவ்விசை நம் மலைகளுக்கு வந்த வழியும் ஏறக்குறைய ஒரு படிக்கட்டுத்தான். 1845இல் அமெரிக்க மதுரை மிஷனைச் சார்ந்தோர் கோடைக்கானலில் முதல் இரு வீடுகளைக் கட்டினர். பெரியகுளத்துப் பக்கமிருந்து செங்குத்தான ஒற்றையடிப் பாதையில் மனிதர் தோள்களே மனிதரையும் பொருள்களையும் சுமந்தேறிய காலம் அது. வத்தலக்குண்டிலிருந்து ஏறும் லாஸ் காட் சாலை போக்குவரத்துக்குத் திறக்கப்பட்டது 1916இல். அதற்கு முன்பு மலையுச்சியில் ஒலித்த ஒவ்வொரு ஆர்மோனியத்திற்கும் பியானோவிற்கும் அடியில் பெயர் எழுதப்படாத சில தோள்கள் இருந்தன. இசை வரலாற்று நூல்கள் அவர்களைப் பேசுவதில்லை.

நான்கு குரல்களில் பாடும் ஆங்கில ஞானப்பாட்டு மரபு அம்மிஷனரிகளுடன் வந்தது. அவர்களுள் ஒருவரான எட்வர்ட் வெப், நம் மக்களுக்கு அம்மரபு மட்டும் போதாது என்று உணர்ந்தவர். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளைச் சேர்த்து 1853இல் அவர் தமிழ்க் கிறிஸ்தவக் கீர்த்தனைத் தொகுப்பை அச்சிட்டார். நம் திருச்சபையின் பக்கத்தில், 1866இல் சலேத் மாதா ஆலயம் எழுந்தது. பிரான்சு நாட்டு ஆல்ப்ஸ் மலையில் 1846இல் இரு சிறார்க்கு அன்னை முகத்தைக் கைகளில் புதைத்து அழுதபடி காட்சி தந்து இருபதே ஆண்டுகளில், அழுகின்ற அன்னைக்கு இந்தத் தமிழ் மலையில் ஓர் ஆலயம்! 1895இல் செண்பகனூரில் சேசு சபையாரின் திரு இருதயக் கல்லூரியும், 1901இல் மிஷனரிகளின் பிள்ளைகளுக்கான பள்ளியும் தோன்றின. அப்பள்ளியே இன்றைய கோடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி. ஆக, இலத்தீன் வழிபாடும் ஆங்கில நாற்குரல் பாட்டும் தமிழ்க் கீர்த்தனையும் ஒரே மலையில் சில கல் தொலைவுக்குள் ஒலித்தன. ஒன்றன் சுவர் தாண்டி மற்றொன்று கேட்கப்பட்டதோ என்னவோ, கலந்து பாடப்படவில்லை.

கத்தோலிக்க ஆலயங்களில் கித்தாருக்கு முறையான இடம் கிடைத்தது பிற்பாடுதான். 1903 நவம்பர் 22ஆம் நாள் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் விடுத்த மடல் பியானோவையும் முரசு, தாளம் போன்ற ஆரவாரக் கருவிகளையும் ஆலயத்தில் தடைசெய்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாட்டுக் கொள்கை விளக்கம், ஆர்கனின் மேன்மையைப் போற்றியதோடு, தூய பயன்பாட்டிற்கு ஏற்றவையும் ஆலயத்தின் மாண்பிற்கு இசைந்தவையுமான பிற கருவிகளுக்கும் வாயிலைத் திறந்தது. அதற்கு முந்திய எண்ணிலேயே, மறைபரப்பு நாடுகளின் மக்களுக்கு உரிய சொந்த இசை மரபுகளுக்குத் தக்க மதிப்பு அளிக்கவேண்டும் என்றும் சங்கம் கூறியது. 119, 120 என்னும் இவ்விரு எண்களையும் சேர்த்தே படிக்கவேண்டும் என்பது நம் கருத்து. பல பங்குகளில் பின்னதைப் படித்துக் கித்தார் வாங்கினோர், முன்னதைப் படிக்க மறந்தனர்.

பழனி மலைத்தொடருக்குத் தெற்கே, கம்பம் பள்ளத்தாக்கைச் சார்ந்த பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்த இளையராஜாவை இங்கே குறிப்பிடாமல் போக முடியாது. அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் ஊர் ஊராகப் பாடித்திரிந்த இளைஞர், சென்னை சென்று தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை கற்றார். சலீல் சௌத்ரி போன்றோர்க்குக் கித்தார் வாசித்தார். 1976இல் 'அன்னக்கிளி' வந்தபின் தமிழர் காதுகளே மாறின. மெட்டு ஒரு பக்கம் செல்ல, அடிச்சுரம் தனக்கென ஒரு வழியில் நடப்பதைத் தேநீர்க் கடை வானொலியில் கேட்டுப் பழகிய தலைமுறை அவரால் உருவானது. 1986இல் அவர் வெளியிட்ட 'ஹவ் டு நேம் இட்?' இசைத்தொகுப்பில் பாக்கும் தியாகராசரும் ஒரே கூடத்தில் சந்திக்கின்றனர். நம் பாடகர் குழு இளைஞன் சாய்கோட்டுக் கூட்டைத் தேடி அலைவது ஆலய இசை நூல்களைப் படித்து அன்று, அப்பாடல்களைக் கேட்டுத்தான். ஆலயத்திலிருந்து புறப்பட்ட அடிச்சுரம் திரையரங்கு வழியாகச் சுற்றி வந்து மறுபடியும் ஆலயக் கதவைத் தட்டுகிறது.

கதவைத் திறக்கத் தடையில்லை. எந்தப் பாட்டிற்கு என்பதுதான் வினா. நம் இசையில் அடித்தளம் அசையாதது. தம்பூராவும் சுருதிப் பெட்டியும் ஷட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் விடாமல் ஒலித்துக்கொண்டிருக்க, பாட்டு அதன்மேல் உலவுகிறது. சாய்கோட்டுக் கூட்டில் இது தலைகீழாகிறது. மேலே கூட்டு நிற்க, அடி நடக்கிறது. ஏ மைனர் வரிசையின் சுரங்கள் நடபைரவிக்கு உரியவை. ஈ மேஜரைச் சேர்த்தால் காகலி நிஷாதம் நுழைந்து கீரவாணி ஆகிவிடும். எஃப் ஷார்ப்பைத் தொட்டு இறங்கினாலோ இரண்டு தைவதங்களும் அடுத்தடுத்து வருகின்றன. புலம்பலுக்கு அது அழகு. கமகத்தோடு பாடவேண்டிய கீர்த்தனையின் அடியில் அதை வைத்தால், பாடுவோர் தம்மை அறியாமல் சுரங்களை நேராக்கிக் கித்தாரின் கட்டங்களுக்குள் அடைத்துவிடுகின்றனர். பத்து ஆண்டு அவ்வாறு பாடிய பங்கில் மூத்தோர் பாடிய மெட்டு என்னவென்றே பிள்ளைகளுக்குத் தெரியாமற்போகும். இது கற்பனை அச்சம் அன்று. நம் மலைப் பங்குகளிலும் கீழே சமவெளியிலும் கேட்டுவருகிறோம். தவக்காலத்தில் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளாரின் வியாகுலப் பிரசங்கத்தை ஒப்பாரி இராகத்தில் வாசிக்கக் கேட்டோர் அறிவர்: அதற்கு எந்தச் சுரக்கூட்டும் வேண்டாம். அதன் துயரம் குரலின் நெளிவிலேயே இறங்குகிறது. அங்கே சென்று ஏ மைனரை மீட்டுவது, அழுதுகொண்டிருப்பவரிடம் கடிகாரத்தைக் காட்டுவது போன்றது.

ஆனால் அண்மைக் காலத்தில் கித்தாரோடு சேர்த்தே இயற்றப்பட்ட மன வருத்தப் பாடல்கள் பல நம்மிடம் உள்ளன. அவற்றில் ஒரே சுரத்தை நீட்டிப் பாடும் வரிகள் வரும். குரல் அசையாமல் நிற்கும் அவ்விடங்களில் அடி இறங்கினால், நின்ற சுரமே ஒவ்வொரு படியிலும் புதுப்பொருள் பெறுகிறது. சாய்கோடு உரிமையோடு வரவேண்டிய இடம் அதுவே. மூன்று கித்தார்கள் உள்ள குழுவில் மூவரும் ஒருசேர ஆறு தந்திகளையும் அடிப்பதைவிட, ஒருவர் மட்டும் கட்டைவிரலால் அடிச்சுரத்தை எடுத்துக்கொண்டு மற்ற இருவரும் மேல் தந்திகளோடு நின்றுகொள்வது நல்லது. வியாதானா ஆர்கனுக்கும் பாடகர்க்கும் பிரித்துக்கொடுத்த வேலைப் பங்கீடும் அதுவே.

கோடைக்கானலில் கற்போர்க்கு வேறொரு தொல்லையும் உண்டு. மூடுபனிக் காலத்தில் மரம் ஈரம் குடித்துப் பருக்கிறது. தந்திகள் விரைவில் துருப்பிடிக்கின்றன. பயிற்சிக்கு வந்து பெட்டியைத் திறந்தால் சுருதி ஒவ்வொரு நாளும் வேறாக இருக்கிறது. விரலோ குளிரில் விறைத்திருக்கும். சுண்டு விரலை ஆறாம் தந்திக்கு நீட்டச் சொன்னால் முதலில் கையைத் தொடைக்கிடையில் வைத்துச் சூடேற்றிக்கொள்கின்றனர். எனவே திருநீற்றுப் புதனுக்குச் சில வாரங்கள் முன்பே தொடங்கிவிடுவது வழக்கமாகியுள்ளது. முதல் வாரம் ஏ மைனரும் அதன் அடியில் ஜி-யும் மட்டும். நான்கு எண்ணிக்கை ஒன்று, நான்கு எண்ணிக்கை மற்றொன்று, மிக மெதுவாக. அடுத்த வாரம் எஃப். முதற்கட்டம் முழுவதையும் ஒரே விரலால் அழுத்தவேண்டிய அக்கூட்டைக் கண்டு அஞ்சாதவர் இல்லை. ஈ-க்கு வந்து சேரும்போது ஆறாம் தந்தியில் விரலே வேண்டியதில்லை என்பது அவர்களுக்குக் கிடைக்கும் ஆறுதல்.

தவக்காலத்தில் கருவிகளைப் பாடலைத் தாங்குவதற்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்பது திருச்சபை ஒழுங்கு. மகிழ்ச்சி ஞாயிறும் பெருவிழாக்களும் விழாக்களும் விலக்கு. ஆகவே இடையிசை, முன்னிசை என்று தனித்து மீட்டுவதற்கு அந்நாள்களில் இடமில்லை. விரற்கலையைக் காட்ட விரும்பும் இளைஞர்க்கு அது குறையாகத் தோன்றலாம். குரலுக்குக் கீழே ஒலித்து, குரல் நிற்கும்போது தானும் நின்றுவிடும் அடிச்சுரத்தைப் பழக அக்காலத்தைவிடத் தக்க பருவம் வேறில்லை. சிலுவைப்பாதைக்கு எடுத்துள்ள பாடலில் சாய்கோடு இரண்டு இடங்களில் மட்டும் வருகிறது. இரண்டும் மூன்றாம் அடியில். அவ்விரண்டு இடங்களைத்தான் இப்போது வெள்ளிதோறும் பயின்றுவருகின்றனர்.